கடைக் கணனியில் இரண்டாவது இயங்குதளம்: உள்ளதைக் கலைக்காமல் பரீட்சித்துப் பார்ப்பது எப்படி?

2025 ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு நாள் காலை. கடை திறந்து அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. பில் போடும் தம்பி, "முதலாளி, கம்பியூட்டர் என்னமோ சொல்லுது, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் திரை முழுவதும் ஓர் அறிவித்தல். வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது, வின்டோஸ் 11க்கு மாறுங்கள் என்றிருந்தது. அதன் கீழேயே, உங்களது இந்தக் கணனி வின்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்றும் இருந்தது. மாறு என்று சொல்வதும் அவர்களே, மாற முடியாது என்று சொல்வதும் அவர்களே!

அன்றிலிருந்து புறக்கோட்டையில் சந்திக்கும் வியாபாரிகள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். புதுக் கணனி வாங்குவதா, இப்படியே ஓட்டுவதா, அல்லது பொடியன்மார் சொல்லும் அந்த லினக்ஸைப் போட்டுப் பார்ப்பதா? மூன்றாவது வழியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குறிப்பாக, கணக்கு வழக்கு எல்லாம் இருக்கும் கணனியில் அதை எப்படிச் சேதமில்லாமல் பரீட்சித்துப் பார்ப்பது என்பதையே எழுதுகிறேன். ஏனென்றால் அதில் ஒரு முறை நான் நன்றாகப் பட்டிருக்கிறேன்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 10ஐ 2015 ஜூலை 29ஆந் திகதி வெளியிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை நிறுத்திக்கொண்டது. கணனி நின்றுவிடும் என்பது இதன் அர்த்தமல்ல. அது வழமைபோல் ஓடும். ஆனால் கள்ளன் உங்கள் பூட்டுக்குப் புதுச் சாவி ஒன்றை வெட்டிக்கொண்டால், பூட்டை மாற்றித்தர இனி ஆள் வரமாட்டார். இணையத்தோடு தொடுத்திருக்கும், வங்கிக் கணக்கும் பார்க்கும் கணனிக்கு இது சின்ன விடயமல்ல.

வின்டோஸ் 11 போடுவதற்கு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். நம்மவர்களின் கடைகளில் இருப்பவையோ பாவித்த கணனியாக வாங்கிய நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள். பில் போடவும் கடிதம் அடிக்கவும் அவை இன்னும் பத்து வருடம் தாங்கும். இயந்திரத்தில் பழுதில்லை, உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொள்கிறார்கள் இல்லை.

காசு கொடுத்து வின்டோஸ் 10க்கான பாதுகாப்பை நீடிக்கவும் வழியுண்டு. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை, ஒரு வருடம் மட்டும் கொடுத்தார்கள். வியாபார நிறுவனங்களுக்கு முதல் வருடம் கணனி ஒன்றுக்கு 61 டொலர், அடுத்த வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதற்கும் இரட்டிப்பு. கூட்டிப் பாருங்கள், 427 டொலர். அந்தப் பணத்துக்கு நம்மூரில் பாவித்த கணனி ஒன்றையே வாங்கிவிடலாம். இன்னொரு வழியும் பலர் கையாள்வதுண்டு. திருட்டுப் பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் மென்பொருளும் அடங்கும் என்பதை மாத்திரம் ஞாபகப்படுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

லினக்ஸ் என்பது புதிய சரக்கு அல்ல. பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஆரம்பித்து வைத்தது. உங்கள் சேர்ட் பொக்கட்டில் இருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடித்தளமும் அதுதான். 2004 சுனாமிக்குப் பின்னர் காணாமற்போனவர்களையும் நிவாரண முகாம்களையும் பதிவதற்கு நமது நாட்டு மென்பொருள் இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய சஹானா என்ற மென்பொருளும் இதே திறந்த மூல வழியில் வந்ததே. அதற்கு லினக்ஸில் பல வகைகள் உண்டு. கடைக்காரருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 2006இலிருந்து வருகிறது. இலவசம். வின்டோஸைப் போலவே கீழே இடது மூலையில் ஒரு பொத்தானும் பட்டியலும் இருப்பதால் பில் போடும் தம்பிகளுக்குக் கை தடுமாறாது. 2 ஜீபி நினைவகம் உள்ள பெட்டியிலும் ஓடும், 4 ஜீபி இருந்தால் தாராளம்.

இனி விடயத்துக்கு வருவோம். துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதிய மில் ஒன்றின் சரக்கை எடுக்கும்போது முதலில் மாதிரித் துண்டு கேட்கிறோம். கழுவிப் பார்க்கிறோம், வெயிலில் போட்டுப் பார்க்கிறோம். பிறகு நாலு பேல் எடுத்துப் பார்க்கிறோம். அதுவரை பழைய மில்காரரோடு முகத்தை முறித்துக்கொள்வதில்லை. லினக்ஸிலும் மாதிரித் துண்டு இருக்கிறது. அதுதான் பென் டிரைவ்.

மின்ட் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து சுமார் 3 ஜீபி அளவான ஒரு கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். 8 ஜீபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் அந்தக் கோப்பை அதில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை எல்லாம் அழிந்துபோகும், ஆகையால் பிள்ளைகளின் கல்யாணப் படங்கள் உள்ளதைக் கொடுத்துவிடாதீர்கள். பின்பு கணனியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, மீண்டும் போடும்போது டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எப்-12, எச்.பி. என்றால் எப்-9 பொத்தானை அழுத்தினால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும். பென் டிரைவைத் தெரிவுசெய்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வந்துவிடும்.

இந்த நிலையில் உங்கள் ஹாட் டிஸ்க்கில் எதுவும் பதியப்படவில்லை. எல்லாம் நினைவகத்திலேயே ஓடுகிறது. கணனியை நிறுத்திப் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் பழைய வின்டோஸ் பழையபடியே வரும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மந்தமாக இருக்கும், அதை வைத்து லினக்ஸை மதிப்பிட வேண்டாம். இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் தேவை. திரையில் நிறுவுவதற்கான ஒரு படக்குறி இருக்கும், அதைத் தொடக்கூடாது. மற்றது, உங்கள் வின்டோஸ் டிஸ்க்கும் அங்கே தெரியும். திறந்து பார்க்கலாம், ஆனால் அதற்குள் எதையாவது அழித்தால் உண்மையாகவே அழிந்துவிடும்.

மாதிரித் துண்டைக் கழுவிப் பார்ப்பது என்றால் என்ன? அழகைப் பார்ப்பதல்ல. உங்கள் கடையில் ஒரு நாளில் கணனி என்னென்ன செய்கிறதோ அத்தனையையும் செய்து பார்ப்பது. வைபை வேலை செய்கிறதா? பார்கோட் வாசிப்பான் பெரும்பாலும் விசைப்பலகை மாதிரித்தான் நடந்துகொள்ளும், அதனால் பிரச்சினை வராது. பில் அடிக்கும் பிரின்டர்தான் தலையிடி தரக்கூடியது. புள்ளி அச்சு பிரின்டர்கள் அநேகமாக ஓடிவிடும். சில லேசர் வகைகளும் மலிவான தேர்மல் வகைகளும் அடம்பிடிக்கும். காசுப் பெட்டி பிரின்டரோடு தொடுக்கப்பட்டிருந்தால் அது திறக்கிறதா என்றும் பாருங்கள். வங்கியின் இணையத்தளம், வரிப் படிவம் போன்றவை உலாவியில் ஓடுபவை என்பதால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

தமிழில் கடிதம் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் இன்றும் பலரிடம் இருப்பது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள். அவற்றை லினக்ஸில் திறந்தால் தமிழ் வராது. கடை என்று அடித்தது எப், ஐ, எல் என்று மூன்று ஆங்கில எழுத்தாக நிற்கும். பயப்பட வேண்டாம், கோப்பு பழுதாகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த ஒரு சட்டை மாதிரி. சட்டையை, அதாவது அந்த எழுத்துருக் கோப்பை, லினக்ஸிலும் நிறுவிவிட்டால் கடிதம் பழையபடி வாசிக்க வரும். எக்செல் கணக்குகளை லிப்ரே ஒபிஸ் திறக்கும். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கும். யாராவது உங்களுக்கு மெக்ரோ எழுதித் தந்திருந்தால் அது ஓடாமல் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு மென்பொருள். இதில் உண்மையை மறைத்துப் பிரயோசனமில்லை. நம்மிடையே புழங்கும் கணக்கு மற்றும் பில் மென்பொருட்களில் பல வின்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. வைன் என்ற ஒரு துணை மென்பொருளின் உதவியால் சிலவற்றை லினக்ஸில் ஓட்டலாம் என்பார்கள். ஓடும்தான். ஆனால் மாதக் கடைசியில் நின்றுவிட்டால் மென்பொருள் தந்தவரும் கைவிரிப்பார், லினக்ஸ்காரரும் கைவிரிப்பார். என்னைக் கேட்டால், கடைக் கணக்கை வைனில் நம்பி விடக்கூடாது. உலாவியில் ஓடும் மென்பொருள் என்றால் கதை வேறு, அது எங்கும் ஓடும்.

பென் டிரைவில் ஒரு வாரம் பார்த்துத் திருப்தி வந்தால், அடுத்தது நிறுவிப் பார்ப்பது. இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 ஓகஸ்ட் மாதம், நோன்பு தொடங்க இரண்டு மூன்று வாரம் இருந்தது. அந்த நாட்களில் உபுண்டு என்ற லினக்ஸின் சீடியை விரும்பியவர்களுக்குத் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள், 2011 வரை இது நடந்தது. எனக்கும் ஒன்று வந்தது. கடை மூடிய பின் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். சீடியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சரி, வின்டோஸுக்குப் பக்கத்தில் இதையும் போட்டு வைப்போம் என்று நிறுவத் தொடங்கினேன். டிஸ்க்கை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. பக்கத்தில் இடம் ஒதுக்குவதா, முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்வதா? களைப்பு, ஆங்கிலம், அவசரம். முழுவதையும் என்பதற்கு நேரே புள்ளி இருந்ததைக் கவனிக்காமல் அடுத்தது, அடுத்தது என்று அமுக்கிக்கொண்டே போனேன்.

கணனி மீண்டும் வந்தபோது வின்டோஸ் இல்லை. எட்டு மாதக் கணக்கும் இல்லை. கடைசியாகப் பிரதி எடுத்து வைத்தது ஜனவரியில். கடன் கொப்பி எழுதுவதை நிறுத்தியதும் அதே ஜனவரியில்தான், கணனி வந்துவிட்டதே என்று! பெருநாள் சரக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குக் கடனில் போயிருந்த நேரம். அழிந்ததைத் தேடுகிறேன் என்று அதே டிஸ்க்கில் மேலும் இரண்டு நாள் எதை எதையோ போட்டுப் பார்த்து, மீட்க முடிந்திருக்கக்கூடியதையும் நானே கெடுத்துக்கொண்டேன். அப்படி ஏதும் நடந்தால் உடனே கணனியை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

சாக்கில் கட்டிப் போட்டிருந்த பில் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியும் மகனுமாகப் பதினொரு இரவு தரம்பிரித்தோம். கொடுத்த சரக்கு தெரிந்தது. வாங்கிய காசு? அது கணனியில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு கடையாகத் தொலைபேசி எடுத்து, "உங்கட கணக்கில எவ்வளவு நிக்குது நானா?" என்று கேட்க வேண்டி வந்தது. கடன் கொடுத்தவன் கடன்காரனிடம் தொகை கேட்பதென்றால் அந்த வெட்கத்தை வியாபாரிகளே அறிவர். கெக்கிராவையிலிருந்து ஒருவர் தன் கொப்பியோடு கடைக்கே வந்தார். அவர் வாசித்த தொகை நான் கூட்டி வைத்திருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லோரும் அப்படி இருக்கவில்லை. அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

இதில் உபுண்டுவில் பிழையில்லை, அது தெளிவாகவே கேட்டது. பிழை, ஒரே ஒரு டிஸ்க்கில் பரீட்சைக்கு இறங்கியது. ஆகவே இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இரண்டாவது டிஸ்க். மேசைக் கணனி என்றால் 120 ஜீபி எஸ்.எஸ்.டி. ஒன்று போதும், பாவித்ததும் கிடைக்கும். பெட்டியைத் திறந்து, வின்டோஸ் உள்ள டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய டிஸ்க்கை மட்டும் தொடுத்து அதில் மின்ட்டை நிறுவுங்கள். முழு டிஸ்க்கையும் அழிக்கவா என்று அது கேட்டால் தாராளமாக ஆம் என்று சொல்லலாம், அழிவதற்கு ஒன்றுமில்லையே. முடிந்ததும் வயரை மீண்டும் மாட்டினால் போதும். கணனி போடும்போது எது வேண்டும் என்று பொத்தானை அழுத்தித் தெரிவுசெய்யலாம். வேண்டாம் என்று தோன்றினால் புதிய டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றுக்குப் பாவியுங்கள்.

மடிக்கணனியில் அநேகமாக இரண்டாவது டிஸ்க்குக்கு இடமிருக்காது. அங்கே ஒரே டிஸ்க்கைப் பங்கிட வேண்டிவரும். அப்படியானால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். கணக்கு, படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல. பிட்லொக்கர் என்ற பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது அது கேட்கக்கூடும், சாவி இல்லாவிட்டால் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாது. வின்டோஸில் விரைவு ஆரம்பம் என்ற வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் வின்டோஸ் முழுமையாக நிற்பதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்நேரம் லினக்ஸிலிருந்து அதன் கோப்புகளில் கை வைத்தால் பழுதாகலாம். பின் வின்டோஸுக்குள் இருந்தே டிஸ்க்கில் இடத்தைச் சுருக்கி வெற்றிடம் ஒதுக்குங்கள். நிறுவும்போது, வின்டோஸுக்குப் பக்கத்தில் என்ற தெரிவுக்கு நேரே புள்ளி இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு வேண்டாம்.

வின்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓட்டும் வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற முறையும் உண்டு. 8 ஜீபி நினைவகம் இல்லாத கணனியில் அதை முயல்வது வீண்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். லினக்ஸுக்குப் போய் வந்த பின் வின்டோஸில் மணி பிழையாக இருக்கும். கணனிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்துக்கு வைக்கிறது, வின்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். காலை 9 மணி என்பது 3.30 ஆகத் தெரியும். துணிக்கடைக்கு இது சிரிப்பு. ஆனால் சுபஹோடு திறக்கும் ஹோட்டலோ பேக்கரியோ என்றால் காலை 5 மணிக்குப் போடும் பில், முதல்நாள் இரவு 11.30 என்று முந்திய திகதியில் விழும். அன்றைய விற்பனையும் காசும் ஒருபோதும் பொருந்தாது. லினக்ஸிலும் உள்ளூர் நேரத்தையே பாவிக்கும்படி ஒரு கட்டளையால் சொல்லிவிடலாம், நிறுவித் தருபவரிடம் அதை ஞாபகமாகச் செய்விக்க வேண்டும்.

இன்னுமொன்று. 2024 ஓகஸ்டில் வந்த ஒரு வின்டோஸ் புதுப்பித்தலால், பக்கத்தில் லினக்ஸ் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் ஆரம்பிக்க மறுத்தது. தரவு போகவில்லை, ஆனால் சரிப்படுத்த ஆள் தேட வேண்டியிருந்தது. எனவே பரீட்சைக் காலத்தில் கணக்கு ஒரே இடத்தில், வின்டோஸ் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். பாதி அங்கே பாதி இங்கே வேண்டாம். பருவ வியாபார நாட்களிலும் தொட வேண்டாம். பெருநாள், சித்திரை வருடம், டிசம்பர் போக மிச்ச மாதங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து, அந்த ஒரு மாதமும் கடிதம், மின்னஞ்சல், வங்கி வேலைகளை லினக்ஸில் செய்து பாருங்கள்.

எங்கள் கடையில் மூன்று கணனிகள். பில் போடுவது வின்டோஸ் 10இலேயே நிற்கிறது. இணைய வயரைக் கழற்றிவிட்டேன், ஒவ்வொரு நாளும் கணக்கு வெளி டிஸ்க்குக்குப் பிரதியாகிறது, அந்த டிஸ்க் என்னோடு வீட்டுக்கு வருகிறது. அந்த மென்பொருளைத் தந்தவர் உலாவியில் ஓடும் பதிப்பொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டிலும் இரண்டாவது டிஸ்க்கில் மின்ட். கடிதம் அடிக்கும் தம்பி, "முதலாளி, இப்ப நான் வின்டோஸுக்குப் போறதே இல்ல" என்கிறார். லேபல் பிரின்டர் மட்டும் அதில் இன்னும் சரிவரவில்லை. லேபல் அடிக்கும்போது அவர் வின்டோஸுக்குப் போகத்தான் செய்கிறார், ஆனால் அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.